மெயில் எடுக்கும்போது சுற்றிக்கொண்டே நிற்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

போன வாடைக்காலத்தில் மண்டபம் பக்கத்து நண்டு ஏற்றுமதி அலுவலகம் ஒன்றிலிருந்து ஃபோன் வந்தது. "அண்ணே, மெயில் வரமாட்டேங்குது. சுத்திக்கிட்டே நிக்குது. பையர் இன்வாய்ஸ்ல ஏதோ திருத்தம் கேட்டு மெயில் போட்டிருக்காராம், இங்க ஒண்ணும் காணோம்." கண்டெய்னர் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தம்பியின் குரலில் அந்தப் பதற்றம் தெரிந்தது.

"ஜன்னலோட அடியில, இடது பக்கம் சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கு, வாசி" என்றேன். 'கனெக்டட் டு' என்று போட்டு சர்வர் பெயர் இருக்கிறது என்றார். அப்படியென்றால் இணைப்பு சர்வர் வரைக்கும் போய்விட்டது. ரவுட்டரைத் தொட வேண்டாம், கேபிளைப் பிடுங்க வேண்டாம். ஆனால் அவர் அதற்குள் ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டிருந்தார். மெயில் எடுக்கும் ப்ரோகிராமான தண்டர்பேர்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்று கேட்கத்தான் எனக்கு ஃபோன் செய்திருந்தார்.

ராமநாதபுரம் கரையோரத்தில் கீழக்கரை, ராமேஸ்வரம், தொண்டி என்று கம்பெனிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் கணினி வேலை பார்த்து வருகிறேன். இந்த 'சுத்துது' என்ற புகார்தான் எனக்கு அதிகம் வருகிறது. எல்லாருக்கும் அது ஒரே நோய் மாதிரி தெரிகிறது. ஆனால் மெயில் வரும் வழியில் ஐந்தாறு படிகள் உண்டு. எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தப் படிக்கு மட்டும்தான் வைத்தியம். தண்டர்பேர்டை வைத்தே சொல்கிறேன். அவுட்லுக் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

எதையும் தொடும் முன்

'கெட் மெசேஜஸ்' பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். பாப் முறையில் மெயில் எடுப்பவர்களுக்கு அதுவே புதிய பிரச்சினையை உண்டாக்கும். ஏன் என்று கீழே வருகிறது.

மெயில் அக்கவுண்டை நீக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். மெயில் எடுக்கும் முறைகள் இரண்டு. ஐமேப் என்றால் மெயில்கள் சர்வரில் இருக்கும், கணினியில் இருப்பது நகல். பாப் என்றால் பெரும்பாலும் மெயில்கள் உங்கள் கணினிக்கு வந்து, சர்வரில் அழிந்துவிட்டிருக்கும். அந்த ஹார்ட் டிஸ்கில் இருப்பதுதான் மூலம். ஒரு அலுவலகத்தில் யாரோ அக்கவுண்டை நீக்கி, 'மெசேஜ் டேட்டாவையும் அழி' என்ற கட்டத்திலும் டிக் போட்டு, பல வருஷத்து வாங்குபவர் கடிதங்களை ஒரே நிமிடத்தில் இழந்தார்கள். கடைசியில் பார்த்தால் கோளாறு ஆன்டிவைரஸில்தான் இருந்தது.

அதனால் முதல் வேலை நகல் எடுப்பது. தண்டர்பேர்டில் 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரியில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் மெயில்கள் இருக்கும் இடம் திறக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்கில் நகலெடுங்கள். அவுட்லுக்கில் பாப் என்றால் மெயில்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் பி.எஸ்.டி. கோப்பு. அவுட்லுக்கை மூடிய பிறகே அதை நகலெடுக்க வேண்டும்.

அக்கவுண்ட் பாப்பா ஐமேப்பா என்று தெரியவில்லையா? 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்', அதில் 'சர்வர் செட்டிங்ஸ்'. மேலேயே சர்வர் வகை போட்டிருக்கும். போர்ட், அதாவது சர்வரில் நுழையும் கதவின் எண், 995 அல்லது 110 என்றால் பாப், 993 அல்லது 143 என்றால் ஐமேப். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், கடைசி வரை தேவைப்படும்.

பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

சுற்றக்கூட இல்லை, அடியில் எந்த எழுத்தும் வரவில்லை என்றால் 'ஆஃப்லைன்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டர்பேர்டில் இடது கீழ் மூலையில் ஒரு சின்னக் குறி, அதை ஒரு தடவை க்ளிக் செய்தால் ஆன்லைன். அவுட்லுக்கில் 'செண்ட் / ரிசீவ்' பட்டையில் 'வொர்க் ஆஃப்லைன்'.

'தண்டர்பேர்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லித் திறக்கவே மறுத்தால், டாஸ்க் மேனேஜரில் பழைய தண்டர்பேர்டு உட்கார்ந்திருக்கும். அதை நிறுத்திவிட்டுத் திறங்கள்.

'லுக்கிங் அப்' அல்லது 'கனெக்டிங்' என்பதிலேயே நிற்கிறது

இது வழி கிடைக்காத கேஸ். உங்கள் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் அந்தக் கணினியைச் சேர்த்து ஒரு தடவை மெயில் எடுத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் வந்தால் தண்டர்பேர்டில் குறை இல்லை, அலுவலக லைனிலோ ரவுட்டரிலோ இருக்கிறது. இரண்டிலும் வரவில்லை என்றால் செட்டிங்கிலோ சர்வரிலோ இருக்கிறது. ரவுட்டரை நாலு தடவை அணைத்துப் போடுவதைவிட இந்த இரண்டு நிமிடச் சோதனை மேல்.

பிரவுசரில் வெப்சைட் எல்லாம் திறக்கிறது, மெயில் மட்டும் வரவில்லை என்பார்கள். வெப்சைட் போகும் போர்ட் 443. மெயில் போகும் போர்ட் 993 அல்லது 995. ஒன்று திறந்திருப்பதால் மற்றொன்றும் திறந்திருக்கும் என்று அர்த்தமில்லை. ரவுட்டரின் ஃபயர்வாலோ விண்டோஸ் ஃபயர்வாலோ மெயில் போர்ட்டை மட்டும் அடைத்திருக்கலாம்.

ராமேஸ்வரம் லாட்ஜ் வைஃபையில் இது அடிக்கடி நடக்கும். வைஃபை சேர்ந்ததாகக் காட்டும். ஆனால் அறை எண்ணோ ஃபோன் எண்ணோ போட்டு உள்ளே நுழையும் பக்கத்தை பிரவுசரில் திறந்து முடிக்கும் வரை எந்த மெயிலும் வராது. மெயில் ப்ரோகிராமுக்கு அந்தப் பக்கம் இருப்பதே தெரியாது, அது பாட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கும். பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போனால் அந்தப் பக்கம் வந்துவிடும்.

'லுக்கிங் அப்' என்பதிலேயே நிற்பது சர்வர் பெயருக்கு எண் முகவரி கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். சர்வர் பெயரில் எழுத்துப் பிழையோ முன்னால் பின்னால் ஒரு இடைவெளியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நெட்வொர்க் செட்டிங்கில், பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்.

சில சர்வர்களுக்கு ஐபிவி6 என்ற புது வகை எண் முகவரி அறிவிக்கப்பட்டிருக்கும், ஆனால் அந்த வழி சரியாக வேலை செய்யாது. இப்போது மொபைல் நெட்வொர்க்குகள் பல ஐபிவி6-ஐ முதலில் பிடிக்கின்றன. அதனால் ஹாட்ஸ்பாட்டில் சுற்றி, அலுவலக லைனில் வந்தால் இதைச் சந்தேகப்படலாம். விண்டோஸில் அந்த நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபிவி6 டிக்கை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். அதனால் சரியானால் சர்வர்க்காரரிடம் சொல்லிச் சரிசெய்ய வைப்பதுதான் முறை. உங்கள் கணினியில் அதை நிரந்தரமாக அணைத்துவைப்பது தற்காலிக ஏற்பாடுதான்.

நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு: உப்புக்காற்று. கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் அலுவலகங்களில் நெட்வொர்க் கேபிளின் முனையைக் கழற்றிப் பாருங்கள். செம்புக் கம்பிகள் பச்சை பிடித்திருக்கும். அப்படி ஆன கேபிள் முழுதாக அறுந்துபோகாது, விட்டு விட்டு வேலை செய்யும். வெப்சைட் ஒரு தடவை தடுமாறினால் நாம் ரீலோட் செய்துவிடுவோம், கவனிக்கக்கூட மாட்டோம். மெயில் இணைப்பு நிமிடக்கணக்கில் நீடிப்பது, நடுவில் விட்டால் நின்றுவிடும். முனையை வெட்டிப் புதிய ஜாக் க்ரிம்ப் செய்யுங்கள். கணினியின் ஓட்டைக்குள் இருக்கும் பின்களையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள்.

'கனெக்டட்' என்று வந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது

மண்டபத்துத் தம்பியின் கேஸ் இதுதான். சர்வரைத் தொட்டாகிவிட்டது. அடுத்து இருவரும் ரகசியமாகப் பேச ஒரு பூட்டுச் சாவி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அங்கே நிற்கிறது.

"தம்பி, கடிகாரத்துல என்ன தேதி காட்டுது?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அண்ணே, 2015-னு காட்டுது." முந்தின ராத்திரி மின்சாரம் போயிருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற மூன்று வோல்ட் வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் கணினி தன் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். சர்வர் காட்டும் சான்றிதழில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்' என்று இருக்கும். 2015-ல் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். ஏற்க மறுக்கும். சில சமயம் எச்சரிக்கைப் பெட்டி வரும், சில சமயம் அது வேறு ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், சில பதிப்புகளில் எதுவும் சொல்லாமல் நிற்கும். தேதியைச் சரிசெய்ததும் நாற்பது மெயில் வரிசையாக இறங்கியது. பேட்டரி மாற்ற அடுத்த நாள் நேரில் போனேன்.

தேதி சரியாக இருந்தும் இதே இடத்தில் நின்றால் அடுத்து ஆன்டிவைரஸ். பல ஆன்டிவைரஸ்கள் மெயில் ப்ரோகிராமுக்கும் சர்வருக்கும் நடுவில் தாங்களே உட்கார்ந்து, பூட்டைத் திறந்து பார்த்து, திரும்பப் பூட்டி அனுப்பும். அதன் உள்சான்றிதழ் காலாவதியானாலோ, சந்தா முடிந்துபோனாலோ, அரைகுறை அப்டேட் நடந்தாலோ எல்லாம் அங்கேயே தேங்கும். முழுதாக அணைக்க வேண்டாம். 'மெயில் ஷீல்டு' அல்லது 'ஈமெயில் ஸ்கேன்' என்ற பகுதியை மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்தி, மெயில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தப் பகுதியை நிறுத்தியே வைக்கலாம் என்பது என் கருத்து. இணைப்பு எப்படியும் பூட்டப்பட்டுத்தான் வருகிறது. அட்டாச்மென்டைத் திறக்கும்போது ஆன்டிவைரஸின் வழக்கமான காவல் அதைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, போர்ட்டும் பூட்டு வகையும் பொருந்தாமல் இருப்பது. 993, 995 என்ற போர்ட்டுகளுக்கு 'எஸ்எஸ்எல் / டிஎல்எஸ்'. 143, 110 என்ற போர்ட்டுகளுக்கு 'ஸ்டார்ட் டிஎல்எஸ்'. 993, 995-ல் 'ஸ்டார்ட் டிஎல்எஸ்' என்று மாற்றிப் போட்டால் இருவரும் ஒருவர் பேச ஒருவர் காத்திருப்பார்கள், யாரும் பேச மாட்டார்கள். இதற்குப் பிழைச்செய்தி வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அதற்குள் நாம் 'தொங்கிவிட்டது' என்று முடிவு செய்துவிடுகிறோம்.

பழைய ஹோஸ்டிங்கில் சொந்த டொமைன் மெயில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. தண்டர்பேர்டு 2020-ல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய பூட்டு முறைகளை ஏற்பதில்லை. தண்டர்பேர்டு அப்டேட் ஆன நாளிலிருந்து நின்றுபோனது என்றால் சர்வர் பழசு. எதிர்ப்பக்கமும் நடக்கும்: விண்டோஸ் 7-ல் பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்களை, புதுப்பிக்கப்பட்ட சர்வர் ஏற்காது. தண்டர்பேர்டுக்கு விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசிப் பெரிய பதிப்பு 115.

பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது, அல்லது லாகின் இடத்தில் நிற்கிறது

பாஸ்வேர்டு சரிதான், வெப்பில் போனால் திறக்கிறது, இங்கே மட்டும் மறுக்கிறது என்பார்கள். ஜிமெயில் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை வைத்து மெயில் ப்ரோகிராம் நுழைவதை நிறுத்திவிட்டது. ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் அதே நிலை. தண்டர்பேர்டில் 'ஆதெண்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'ஓஆத் 2' என்று, அதாவது மெயில் நிறுவனத்தின் லாகின் பக்கத்திலேயே நுழையும் முறைக்கு, மாற்றினால், அடுத்த தடவை மெயில் எடுக்கும்போது கூகுளின் லாகின் பக்கம் சின்ன ஜன்னலில் வரும். அது வெள்ளையாகவே நின்றால் தண்டர்பேர்டின் 'ப்ரைவசி' செட்டிங்கில் குக்கீஸ் அனுமதி அணைந்திருக்கும், திறந்துவிடுங்கள்.

பழைய அவுட்லுக் ஓஆத் புரிந்துகொள்ளாது. ஜிமெயிலுக்கு அங்கே 'ஆப் பாஸ்வேர்டு' என்ற 16 எழுத்துச் சாவி வேண்டும். அதை எடுக்க கூகுள் கணக்கில் இரண்டு படி சரிபார்ப்பு இயங்கியிருக்க வேண்டும். கூகுள் கணக்கின் முக்கிய பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா ஆப் பாஸ்வேர்டுகளும் செத்துவிடும். ஓனர் தன் ஃபோனில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார், ஆபீஸ் கணினிகள் எல்லாம் ஒரே நாளில் நிற்கும். எல்லாம் ஒன்றாக நின்றால் முதலில் அவரைக் கேளுங்கள்.

இப்போது பாப் விஷயத்துக்கு வருகிறேன். பாப் விதிகளை எழுதிய 1996-ஆம் ஆண்டின் ஆவணத்தின்படி, ஒருவர் உள்ளே நுழைந்ததும் சர்வர் அந்த மெயில்பெட்டியைப் பூட்டிவிடும். அவர் முறையாக விடைபெறும் வரை வேறு யாரும் அதே பெட்டிக்குள் வர முடியாது. இணைப்பு பாதியில் அறுந்தால் சர்வருக்கு அது தெரியாது. ஆள் உள்ளேயே இருப்பதாக நினைத்துக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு குறைந்தது பத்து நிமிடம் என்பது விதி. அதற்குள் நீங்கள் மறுபடி அழுத்தினால் 'பெட்டி பயன்பாட்டில் இருக்கிறது' என்று மறுக்கும், சில சர்வர்கள் அதைப் பாஸ்வேர்டு தவறு மாதிரியே காட்டும். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றுவீர்கள், குழப்பம் இரட்டிப்பாகும்.

ஆகவே பாப்பில் லைன் அறுந்து நின்றுபோனால் ப்ரோகிராமை மூடுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திறங்கள். தானாகச் சரியாகிவிட்டால் அதுதான் காரணம். ஒரே பெட்டியை இரண்டு கணினிகள் பாப்பில் எடுத்தால் 'செக் எவ்ரி' இடைவெளியை ஒரு நிமிடம் என்று வைக்காதீர்கள், ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் போதும். இன்னும் நல்லது, இருவருக்கும் ஐமேப்புக்கு மாறுவது.

41 மெயிலில் 3 என்று காட்டி அங்கேயே நிற்கிறது

ஒவ்வொரு தடவையும் அதே எண்ணில் நின்றால் அந்த ஒரு மெயிலில்தான் கோளாறு. வேறு வேறு எண்ணில் நின்றால் லைனில் கோளாறு. பாதிக் குழப்பத்தை இந்த வித்தியாசம் தீர்த்துவிடும், அதனால் இரண்டு தடவை முயன்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே எண் என்றால் பிரவுசரில் வெப்மெயிலைத் திறங்கள். பெரிய அட்டாச்மென்டோடு ஒன்று உட்கார்ந்திருக்கும். ஃபோனில் எடுத்த சரக்குப் படங்கள் பத்து இருபதைச் சேர்த்து அனுப்புவது ஏற்றுமதிக்காரர்களிடம் சகஜம். மெயிலில் அட்டாச்மென்ட் எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் போகும், அதில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 18 எம்பி படங்கள் 24 எம்பி ஆகும். நொடிக்கு ஒரு மெகாபிட் மட்டும் கிடைக்கும் லைனில் அது இறங்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் 'நின்றுவிட்டது' என்று முடிவெடுக்கும் முன் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அவுட்லுக் பாப் அக்கவுண்டில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'சர்வர் டைம்அவுட்ஸ்' என்ற நகர்த்தி இருக்கும். ஒரு நிமிடத்தில் இருப்பதை ஐந்துக்கு நகர்த்துங்கள்.

அப்படியும் இறங்கவில்லையா? வெப்மெயிலில் அந்த மெயிலின் அட்டாச்மென்டைத் தனியாக இறக்கிவைத்துவிட்டு, மெயிலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பாப் இன்பாக்ஸை மட்டும்தான் பார்க்கும், பின்னால் நின்ற மற்ற மெயில்கள் வந்துவிடும். அழிக்க வேண்டாம், நகர்த்தினால் போதும்.

சின்ன மெயில்கள் எல்லாம் வருகின்றன, கொஞ்சம் பெரியதென்றால் எதுவானாலும் நிற்கிறது, ஹாட்ஸ்பாட்டில் மட்டும் எல்லாம் வருகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் எம்டியூ பிரச்சினை, அதாவது லைனில் ஒரே தடவையில் போகும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவில் கோளாறு. பாம்பனை நினைத்துக்கொள்ளுங்கள். வல்லம் என்கிற நாட்டுப்படகு பாலத்துக்கு அடியில் அது பாட்டுக்குப் போய்விடும். கப்பல் வந்தால் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப்பாலத்தைத் தூக்க வேண்டும், தூக்கும் வரை நிற்கும்படி கப்பலுக்குத் தகவல் போக வேண்டும். அந்தத் தகவலே போகாவிட்டால் கப்பல் வந்து வந்து முட்டும். நெட்வொர்க்கிலும் ஒரு பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். பயனர் பெயர், பாஸ்வேர்டு போட்டு இயங்கும் பிராட்பேண்டில், அதாவது பிபிபிஓஈ முறையில், 8 பைட் கழிந்து 1492 தான் கொள்ளும். 'இது பெரிது, சின்னதாக அனுப்பு' என்ற பதில் நடுவில் ஏதோ ஃபயர்வாலில் அடைபட்டால் சர்வர் அதே பெரிய பொட்டலத்தை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் வெளி இணைப்புக்கான 'வான்' (WAN) பக்கத்தில் எம்டியூ 1500 என்று இருந்தால் 1492 என்று மாற்றுங்கள். போதாவிட்டால் சோதனைக்காக 1400 வைத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளாக 'பெரிய மெயில் வராது' என்று பழகிப்போன ஒரு சங்கு வியாபாரியின் அலுவலகத்தில் இந்த ஒரு எண்ணை மாற்றியதும் எல்லாம் இறங்கியது. "காக்கா (அண்ணே), இம்புட்டு நாளும் இதுவா?" என்று அங்கே வேலை பார்க்கும் பையன் கேட்டதை மறக்க முடியவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு அறிகுறி: அதே பழைய மெயில்கள் திரும்பத் திரும்ப இறங்குகின்றன. பாப்பில் 'அழி' என்று சொன்னவை உடனே அழியாது. ப்ரோகிராம் முறையாக விடைபெற்ற பிறகே சர்வர் அழிக்கும். நடுவில் அறுந்தால் எதுவும் அழியாது, அடுத்த தடவை முதலிலிருந்து வரும். மெயில் இரண்டிரண்டாக இருந்தால் வைரஸ் என்று பயப்பட வேண்டாம், லைன் நடுவில் அறுகிறது என்று அர்த்தம்.

மெயில் இறங்கிவிடுகிறது, ஆனால் ப்ரோகிராமே உறைந்துபோகிறது

ஜன்னல் வெளுத்து, 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று தலைப்பில் வந்தால் இணையத்தை விட்டுவிடுங்கள், டிஸ்க்கைப் பாருங்கள்.

தண்டர்பேர்டு ஒரு ஃபோல்டரின் எல்லா மெயிலையும் வழக்கமாக ஒரே நீண்ட கோப்பில்தான் எழுதும். இன்பாக்ஸ் என்பது ஒரே கோப்பு. நீங்கள் அழித்த மெயில்கூட அதிலிருந்து போகாது, 'அழிந்தது' என்ற குறி மட்டும் விழும். 'காம்பாக்ட்' செய்தால்தான் கோப்பு சுருங்கும். பல ஜிபி ஆன இன்பாக்ஸில் ஒவ்வொரு புது மெயிலும் எழுதப்படும்போது ஆன்டிவைரஸ் முழுக் கோப்பையும் திறந்து படிக்க முயன்றால் கணினி மூச்சுத் திணறும். அதைவிட மோசம், ஒரே ஒரு மெயிலில் வைரஸ் அட்டாச்மென்ட் இருந்ததற்காக ஆன்டிவைரஸ் அந்த ஒரே கோப்பை, அதாவது முழு இன்பாக்ஸையும், தூக்கித் தனிச்சிறையில் வைத்துவிடும். அப்படி நடந்தால் பதறாமல் 'குவாரண்டைன்' பட்டியலிலிருந்து மீட்டெடுங்கள். பிறகு ப்ரொஃபைல் ஃபோல்டரை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே காம்பாக்ட் செய்யுங்கள். அது புதிய நகல் எழுதி முடித்த பிறகே பழையதை நீக்கும், எனவே ஃபோல்டர் அளவுக்குக் காலியிடம் வேண்டும். காம்பாக்ட் ஓடும்போது கரண்ட் போனால் சேதம், யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். தலைப்பு ஒன்றைக் க்ளிக் செய்தால் வேறு மெயில் திறக்கிறது, எண்ணிக்கை தப்பாகக் காட்டுகிறது என்றால் அட்டவணைக் கோப்பு கெட்டுவிட்டது. ஃபோல்டரின் மேல் வலது க்ளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ரிப்பேர் ஃபோல்டர்'.

அவுட்லுக்கில் 2010 முதல் பி.எஸ்.டி. கோப்பின் உச்சம் 50 ஜிபி. 2003, 2007 பதிப்புகளில் 20. அதற்கும் முந்தைய பழைய வகைக் கோப்புக்கு 2 ஜிபி தான், அதை நெருங்கினாலே தடுமாறும். 'இன்பாக்ஸ் ரிப்பேர் டூல்' அவுட்லுக்கோடேயே வருகிறது, நகல் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். பி.எஸ்.டி. கோப்பை ஒன்டிரைவ் ஃபோல்டரிலோ அலுவலக நெட்வொர்க்கின் வேறொரு கணினியிலோ வைத்திருந்தால் முதல் வேலையாக அதே கணினியின் டிஸ்க்குக்குக் கொண்டுவாருங்கள்.

இந்தத் துப்புரவு வேலைக்கு நான் எங்கள் பக்கத்து அலுவலகங்களுக்குச் சொல்லும் சமயம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாத நாட்களில் ஆபீஸிலும் நெருக்கடி குறைவு. போன வருஷத்து மெயில்களைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தி, காம்பாக்ட் செய்து, வெளி டிஸ்கில் ஒரு நகல் எடுத்துவிடலாம்.

இதெல்லாம் பார்த்தும் உறைந்தால் 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட் மோட்'. கூடுதலாகச் சேர்த்த ஆட்ஆன்கள் எல்லாம் அணைந்த நிலையில் திறக்கும். அதில் சரியாக ஓடினால் ஏதோ ஒரு ஆட்ஆன் காரணம்.

காலையில் வருகிறது, அப்புறம் வருவதில்லை. மூடித் திறந்தால் மொத்தமாக வருகிறது

ஐமேப்பில் 'புது மெயில் வந்தால் நீயே சொல்லு' என்று சர்வரிடம் சொல்லிவிட்டு இணைப்பைத் திறந்தே வைத்துக் காத்திருக்கும் முறை உண்டு. அரை மணிக்கு ஒரு தடவைக்குள் அதைப் புதுப்பித்தால் போதும் என்பது விதி. ஆனால் நடுவில் இருக்கும் மொபைல் நெட்வொர்க்கோ மலிவு ரவுட்டரோ, சில நிமிடம் சத்தமில்லாத இணைப்பைச் சொல்லாமலேயே அறுத்துவிடும். இருபக்கமும் இணைப்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். டாங்கிளிலும் ஹாட்ஸ்பாட்டிலும் வேலை செய்பவர்களுக்கு இது வழக்கம். 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'அலவ் இமீடியட் சர்வர் நோட்டிஃபிகேஷன்ஸ்' டிக்கை எடுத்துவிட்டு, 'செக் எவ்ரி' என்பதில் ஐந்து நிமிடம் வையுங்கள்.

லைன் நன்றாக இருந்தும் இப்படி ஆனால் எத்தனை கணினிகள் ஒரே முகவரியைப் பயன்படுத்துகின்றன என்று எண்ணுங்கள். ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். தண்டர்பேர்டு ஒவ்வொன்றும் 5 வரை வைத்துக்கொள்ளும். மூன்று கணினி சேர்ந்தாலே 15. நாலாவது கணினியோ ஓனரின் ஃபோனோ வந்தால் யாராவது ஒருவருக்கு நிற்கும், தினம் ஒரு ஆளுக்கு நிற்கும். 'அட்வான்ஸ்டு' பொத்தானுக்குள் இருக்கும் அந்த 5-ஐ எல்லாக் கணினியிலும் 2 ஆக்குங்கள்.

புதுக் கணினியில் போட்டதும் ஒரு நாள் ஓடி, நின்றுவிட்டது

கம்பெனிகளுக்கான கூகுள் மெயில் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஒரு கணக்கு ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2500 எம்பி, பாப் வழியாக 1250 எம்பி வரைதான் இறக்கலாம். தாண்டினால் அந்தக் கணக்கு சில மணி நேரம், அதிகபட்சம் ஒரு நாள், மறுக்கும். 15 ஜிபி பெட்டியை ஒரே ராத்திரியில் இறக்க முடியாது, ஆறு நாள் ஆகும். தண்டர்பேர்டின் 'சிங்க்ரனைசேஷன்' பக்கத்தில் கடைசி 90 நாள் மெயிலை மட்டும் இறக்கும்படி வையுங்கள். ஜிமெயிலின் 'ஆல் மெயில்' ஃபோல்டரை ஆஃப்லைன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இன்பாக்ஸில் இருப்பதே இன்னொரு தடவை இறங்கும்.

இதற்கு மேல் சர்வர்க்காரரைக் கேட்க வேண்டும் என்றால்

'மெயில் வரலை' என்று மட்டும் சொன்னால் 'எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு' என்று வைத்துவிடுவார்கள். இவற்றைச் சொல்லுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நின்றது, அடியில் இருந்த எழுத்து என்ன, பாப்பா ஐமேப்பா, போர்ட் எண், பூட்டு வகை, ஹாட்ஸ்பாட்டில் வந்ததா, இரண்டு தடவையும் ஒரே மெயிலில் நின்றதா. உங்கள் இணைப்பின் வெளி ஐபி முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். தவறான பாஸ்வேர்டோடு ப்ரோகிராம் பல தடவை முட்டியிருந்தால் சர்வர் அந்த முகவரியையே தடை செய்திருக்கும், அதை நீக்க அவர்களால் மட்டும்தான் முடியும்.